மார்கழி மணலில் எதை விதைப்பது?

சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடையே ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. ஊரூர்க் குப்பம், ஒல்காட் குப்பம் என அடுத்தடுத்து அமைந்த இரண்டு மீனவர் குடியிருப்புகளைச் சேர்த்து இவ்வாறு அழைக்கிறார்கள். ஒல்காட் என்பவர் பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவர். அச்சபை 1882இல் தன் தலைமையிடத்தை அடையாற்றுக்கு மாற்றிக்கொண்டது. அந்தத் தொடர்பால் வந்த பெயர் இது.

இங்கே வயலும் வரப்பும் கிடையாது. வீட்டோரத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மணல் தரை கிடைத்தால் அதுவே தோட்டம். அந்தத் தோட்டத்தையும் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு கை பார்த்துவிடும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி வெள்ளம், 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் என்று சென்னைக்குப் பெரிய அடி விழுந்ததெல்லாம் டிசம்பரில்தான். வர்தா போன்ற புயல் வீசினால் கத்தரிச் செடி சாயும், முருங்கை முறியும். மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது பாத்தி வெறுமையாகக் கிடக்கும்.

அந்த வெற்றிடத்தில் எதை விதைப்பது? கையில் இருக்கும் காலம் மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்கள், அதாவது 90 நாள்கள். அதற்குப்பின் வெயில் ஏறிவிடும். தவறான விதையைத் தேர்ந்தெடுத்தால் இடத்தோடு தண்ணீரும் வீணாகும். குடம் குடமாகத் தண்ணீர் பிடித்துச் சுமக்கும் வீட்டில் அது சிறிய இழப்பன்று. பௌதிகம் கற்பிப்பவனுக்குக் கீரைப் பாத்தியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தாவர நூல் மட்டும் போதாது. மணல், நீர், உப்பு, வெயில் ஆகிய நான்கையும் பற்றி நம் பாடப்புத்தகம் சொல்வதும் தேவைப்படுகிறது.

மணல் என்னும் ஓட்டைப் பாத்திரம்

முதலில் நீர்க் கணக்கைப் பார்ப்போம். மழை பெய்து ஓய்ந்தபின் மிகுதியான நீர் கீழே வடிந்துவிடும். மண் துகள்களைப் பற்றிக்கொண்டு நிற்கும் நீரே பயிருக்கு உதவும். துகள் பெரிதாக இருந்தால் இடைவெளியும் பெரிதாகும். பரப்பு இழுவிசையால் பிடித்து வைக்கக்கூடிய நீரும் குறையும். ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல வண்டல் மண் பயிருக்கு உதவும் நீராகச் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தைத் தாங்கிக்கொள்ளும். மணலில் இது 7 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். மழையை அளப்பது போலவே இதையும் உயரத்தில் சொல்வது வழக்கம்.

இனிச் செலவு. மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியே நீராவியாகப் போவதும் சேர்ந்து, தை மாதச் சென்னையில் நாளொன்றுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் ஆகும். நம் பாய் அளவுத் தோட்டத்தை 2 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஆகவே நாள் செலவு 8 லிட்டர், ஏறத்தாழ அரைக் குடம்.

முளைக்கீரையின் வேர் 20 சென்டிமீட்டர் ஆழம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு மணலில் அதற்குக் கிடைக்கும் நீர் 14 மில்லிமீட்டர். நாளுக்கு 4 மில்லிமீட்டர் வீதம் மூன்றரை நாளில் அது தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாக ஒரு வாரத்துக்கு வேண்டிய 28 மில்லிமீட்டரையும் ஊற்றிவிட்டால் என்ன? பாதி நீர் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். புதன்கிழமை வரை நிமிர்ந்து நிற்கும் கீரை வியாழக்கிழமை தலை தொங்கும். எனவே மணலில் கீரை போடுகிறவர் தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அளவாக ஊற்ற வேண்டும்.

காராமணியின் கதை வேறு. தட்டைப்பயறு என்றும் சொல்லப்படும் இதன் வேர் தளர்ந்த மணலில் 80 சென்டிமீட்டர் வரை எளிதாக இறங்கும். அதற்குக் கிடைக்கும் பாத்திரம் நான்கு மடங்கு ஆழமானது. ஒருமுறை அந்த ஆழம் முழுவதும் நனைந்துவிட்டால் இரண்டு வாரம் தாங்கும். மார்கழித் தொடக்கத்தில் மழையே அந்த வேலையை இலவசமாகச் செய்து வைத்திருக்கிறது!

அடியிலிருந்து நீர் ஏறி வராதா? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணிலும் நுண்புழை ஏற்றம் உண்டு. ஆனால் எவ்வளவு உயரம் ஏறும் என்பதைத் துளையின் அகலம் தீர்மானிக்கிறது. 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் நீர் 15 சென்டிமீட்டர்தான் ஏறும். அதில் பத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள துளையில் ஒன்றரை மீட்டர் ஏறும். கடற்கரை மணலின் இடைவெளிகள் முதல் வகையைச் சேர்ந்தவை. மழைக்குப்பின் நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்றால், ஈரம் ஏறி நிற்பது 85 சென்டிமீட்டர் ஆழம் வரை. கீரை வேருக்கு அது எட்டாக்கனி. காராமணி எட்டிப் பிடித்துவிடும்.

இந்த ஓட்டைப் பாத்திரத்தை அடைக்க ஒரு வழி இருக்கிறது. தென்னை நார்க் கழிவு தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மட்கிய குப்பையும் ஓரளவு உதவும். பள்ளியிலேயே சோதித்துப் பாருங்கள். அடியில் ஆணியால் துளையிட்ட இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் மணல். மற்றதில் மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு நார்க் கழிவு. இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றி, கீழே வடிவதை அளவு ஜாடியில் பிடியுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டப்பாக்களை வெயிலில் வைத்துத் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டால் உங்கள் ஊரின் ஆவியாதல் கணக்கும் கிடைத்துவிடும்.

உப்பு எவ்வளவு, யாருக்கு?

கடலோரத்தில் பயிர் வளருமா, உப்பு அரித்துவிடாதா என்பது பலருக்கும் எழும் ஐயம். இதற்கு விடை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதுதான் சுவையான செய்தி.

கடல்நீரின் அடர்த்தி 1.025, நன்னீரின் அடர்த்தி 1. ஆகவே கரையோர மணலுக்குள் இறங்கும் மழைநீர், கீழே ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதைப் போன்றதே இதுவும். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்க முடியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்தைச் சேர்ந்த கைபனும், பின்னர் ஜெர்மனியின் ஹெர்ஸ்பர்க்கும் இந்தக் கணக்கைச் சொன்னார்கள். இதன் மறுபக்கத்தையும் மறந்துவிடாதீர்கள்: மேலே நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழே உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரும்!

சென்னையில் ஆண்டு மழை சராசரியாக 140 சென்டிமீட்டர். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதங்களும் சேர்ந்து சராசரியாக 5 சென்டிமீட்டர்கூடக் கிடையாது. எனவே மார்கழியில் கிணற்று நீர் நன்னீராக இருக்கும். பங்குனி, சித்திரையில் கரிக்கத் தொடங்கும். மேல்மணலில் படிந்திருக்கும் உப்பையும் மழை கழுவியிருக்கும். களிமண்ணில் உப்பு நீங்க நெடுநாள் ஆகும். மணலோ நீரைத் தங்கவிடாத அதே குணத்தால் உப்பையும் தங்கவிடாது. மணலின் குறை இங்கே நிறையாகிவிடுகிறது.

ஆனாலும் உப்பு முழுவதும் ஒழிவதில்லை. மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து வீசுகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைச் சுமந்து வந்து இலைமேல் படியவிடுகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு நின்றுவிடும். கடல் பக்கம் பார்த்த இலைகளின் ஓரம் கருகுவது இதனால்தான். ஓர் ஓலைத் தட்டியோ பழைய வலையை இரண்டு மூன்றாக மடித்துக் கட்டிய வேலியோ இதைப் பெருமளவு தடுக்கும். மாலையில் இலைகளின்மேல் நல்ல நீரைத் தெளித்துக் கழுவுவதும் உண்டு.

மண்ணில் உப்பு இருந்தால் வேர் ஏன் திணறுகிறது? சவ்வூடு பரவல்தான் காரணம். சாதாரணப் பயிர் ஒன்று ஏறத்தாழ 15 வளிமண்டல அழுத்த அளவுக்கு முயன்று மண்ணிலிருந்து நீரை இழுக்க முடியும், அதற்குமேல் வாடிவிடும். கடல்நீரின் சவ்வூடு அழுத்தமோ 25 வளிமண்டலத்துக்கும் மேல். அந்தப் போட்டியில் பயிர் தோற்பது நிச்சயம். இடைப்பட்ட உப்பில் எல்லாப் பயிர்களும் ஒரே மாதிரித் தோற்பதில்லை. மண்ணை நீரில் குழைத்து வடித்த சாற்றில் லிட்டருக்கு முக்கால் கிராம் உப்பு இருந்தாலே பீன்ஸ், கேரட், வெங்காயம் ஆகியவற்றின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. முள்ளங்கி அதைவிடச் சிறிதளவே தாங்கும். பீட்ரூட் சுமார் இரண்டரை கிராம் வரை பொருட்படுத்துவதில்லை. காராமணி 3 கிராம் வரை தாங்கும். பருப்புக்கீரை அதையும் தாண்டி நிற்கும்.

பீட்ரூட்டுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதன் காட்டு மூதாதை ஐரோப்பியக் கடற்கரைகளில் அலைச் சாரலை வாங்கிக்கொண்டே வளரும் செடி. நம் கடைகளில் கட்டுக் கட்டாக விற்கும் பாலக்கீரையும் அதே குடும்பத்தின் நெருங்கிய உறவு. குப்பத்து மணலுக்கு இதைவிடப் பொருத்தமான விருந்தாளி கிடைப்பது அரிது. உள்ளூர்க்காரர் என்று பார்த்தால் உமரி இருக்கிறது. அடையாறு முகத்துவாரத்துச் சேற்றில் தானாகவே வளரும் இது, கடலோரங்களில் பலர் கீரையாகச் சமைக்கும் செடி. சமையலுக்கு உப்பே தேவையில்லை. எனினும் நகரத்தின் சாக்கடை கலக்கும் முகத்துவாரத்திலிருந்து பறித்து வந்து சமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குளிர்காலம் என்பது எவ்வளவு குளிர்?

ஆங்கிலத் தோட்டக்கலை நூல்களைப் படித்துவிட்டுச் சென்னையில் குளிர்காலப் பயிர் போட முனைவோர் உண்டு. லண்டனில் டிசம்பர் 21ஆம் தேதி பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே செடிகள் கோடையிலேயே வளர்ந்து முடித்து, குளிர்காலத்தில் வளராமல் நிற்கின்றன. அவற்றைப் பறித்து உண்கிறார்கள், அவ்வளவுதான். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் உள்ளது. அதே நாளில் இங்கே பகல் 11 மணி 20 நிமிடம். ஜூன் 21இல் 12 மணி 54 நிமிடம். ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். வளர்ச்சி நிற்பதே இல்லை.

வெப்பநிலையும் அப்படித்தான். நீரின் தன்வெப்பம் மணலின் தன்வெப்பத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆகவே கடல் மெல்லச் சூடாகி மெல்லவே குளிர்கிறது. ஜனவரியில்கூடச் சென்னை இரவு சராசரியாக 21 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றுவிடுகிறது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் சுமார் 6 டிகிரி குளிர்ச்சி அதிகம். காலிஃபிளவர் அங்கே பூ பிடிப்பதும், கடலோரத்தில் பெரும்பாலான இரகங்கள் இலையாகவே வளர்ந்து ஏமாற்றுவதும் இந்த 6 டிகிரியால்தான். கேரட்டுக்கும் இதே தொல்லை. விதைப் பொட்டலத்தின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

ஆயினும் இந்த எளிய குளிர்ச்சிக்கும் மதிப்பு உண்டு. செடி பகலில் ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை சேர்க்கிறது. இரவில் சுவாசித்து அதில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். மே மாத இரவின் 28 டிகிரியோடு ஒப்பிட்டால், ஜனவரி இரவில் மிச்சமாகும் சர்க்கரை கணிசமானது. முள்ளங்கி பருப்பதற்கு அந்த மிச்சம்தான் முதல். தக்காளி இன்னும் நுட்பமானது. இரவின் வெப்பம் 21 டிகிரியைத் தாண்டி ஏற ஏற அதன் பூக்கள் காயாகாமல் உதிர்கின்றன. தையிலும் மாசியிலும் காய்ப்பது சித்திரையில் காய்க்காமல் போவது தோட்டக்காரரின் கைராசிக் குறைவால் அன்று.

ஒன்றரை மணி நேர வித்தியாசம் ஒன்றுமில்லை என்று மேலே சொன்னது நமக்குத்தான், செடிகளுக்கு அன்று. 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர், பகலின் நீளம் பார்த்துப் பூக்கும் செடிகள் உண்டு என்று நிறுவினார்கள். நம் பந்தல் அவரையும் மொச்சையும் அத்தகைய குறும்பகல் செடிகள். ஆடியில் விதைத்தால் நீண்ட பகலில் கொடி வீசிப் பந்தலை நிறைத்து, பகல் சுருங்கியதும் பூத்து, பொங்கலுக்குக் காயைக் கையில் தருகின்றன. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது இவற்றின் மட்டில் வானியல் உண்மையும்கூட. அதே பந்தல் அவரையை மார்கழியில் விதைத்தால், முழங்கால் உயரம் வளருமுன்பே பகல் குறுகியிருப்பதை உணர்ந்து பூத்துவிடும். நான்கு காய்கள் கிடைக்கலாம். ஆசைப்பட்டால் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை இரகங்களை நாட வேண்டும். புளிச்சக்கீரைக்கும் இதே குணம் உண்டு. மார்கழியில் போட்டால் இலைக்கு முந்திப் பூ வந்து நிற்கும். பாலக்கீரையோ நேர்மாறு. நீண்ட பகலில்தான் தண்டு விட்டுப் பூக்கும். குறும்பகலில் இலை விட்டுக்கொண்டே இருக்கும்; நாமும் அறுத்துக்கொண்டே இருக்கலாம்.

மார்கழிக் கோலத்தில் வைக்கும் பரங்கிப்பூவுக்கும் இதில் பங்கு உண்டு. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. குறும்பகலும் குளிர்ந்த இரவும் பெண் பூக்களின் விகிதத்தைக் கூட்டுகின்றன. கோலத்துக்குப் பறிக்க வேண்டியது காம்பு மெலிந்த ஆண் பூ. அடியில் சிறு உருண்டை உள்ள பெண் பூவைப் பறித்தால் ஒரு பரங்கிக்காய் போயிற்று. ஆனால் பாய் அளவுத் தோட்டத்துக்குப் பரங்கி வேண்டாம். காய்க்க நூறு நாள் ஆகும். தினம் 8 லிட்டர் என்றால் 800 லிட்டர் தண்ணீர். கொடி அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

சுவரும் நிழலும்

நெருக்கமான குடியிருப்பில் எல்லோரும் மறப்பது இது. டிசம்பர் 22 அன்று நடுப்பகலில் சூரியன் தென்வானில் 53.5 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. 2 மீட்டர் உயரச் சுவரின் நிழல் வடக்கே ஒன்றரை மீட்டர் விழும். ஜனவரி இறுதியில் 1.2 மீட்டராகவும், பிப்ரவரி இறுதியில் முக்கால் மீட்டராகவும் சுருங்கும். டான் அட்டவணையை வைத்து நீங்களே கணக்கிடலாம். ஒரு குச்சியை நட்டுச் சரிபார்க்கவும் செய்யலாம். சுவரின் வடக்கே ஒட்டிய இடத்தில் தக்காளி வைத்தால் வெயில் வந்து சேரும்போது மாசி ஆகிவிடும். அங்கே நிழலைச் சற்றுப் பொறுக்கும் புதினாவும் கொத்தமல்லியும் போதும். சுவரின் தெற்கே உள்ள இடம் காய்கறிகளுக்கு.

இவ்வளவையும் வைத்து நம் 2 சதுர மீட்டரை நிரப்பிப் பார்ப்போம். நான் பாதி இடத்தைக் கீரைக்குத்தான் கொடுப்பேன். முளைக்கீரை 25 நாளில் பிடுங்கத் தயாராகிவிடும். சதுர மீட்டருக்குத் தோராயமாக ஒரு கிலோ. 90 நாளில் மூன்று முறை விதைக்கலாம். அமராந்தஸ் இனத்துக்கு இன்னொரு சிறப்பும் இருக்கிறது. மக்காச்சோளம், கரும்பு போல இதுவும் ஒருவகைச் சிக்கனமான ஒளிச்சேர்க்கை முறை கொண்டது. ஒரே அளவு நீருக்கு மற்றக் கீரைகளைவிடக் கூடுதல் விளைச்சல் தரும். விதை மிகப் பொடியானது என்பதால் உலர்ந்த மணலோடு கலந்து தூவ வேண்டும். முதல் வாரம் எறும்பிடமிருந்து காப்பதே பெரும்பாடு. தூவிய உடனே பெருமழை வந்தால் விதை அடித்துப் போய்விடும். ஆகவே வானிலை அறிக்கை பார்த்து, வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் எதுவும் இல்லாத வாரமாக விதையுங்கள்.

மீதிப் பாதியில் கடல் பக்க விளிம்பில் பாலக்கீரை ஒரு வரிசை, அதற்குள்ளே காராமணியும் கொத்தவரையும். இவை இரண்டும் வேர் முடிச்சுகளால் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்பவை. சத்தில்லாத மணலுக்கு இது பெரிய உதவி. முள்ளங்கி வேண்டுமென்றால் வெப்பம் தாங்கும் பூசா சேத்கி இரகம் 40 முதல் 45 நாளில் கிடைக்கும். ஆனால் அதைக் கடல் விளிம்பில் போடாமல் வீட்டுப் பக்கம் தள்ளிப் போடுங்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் மார்கழியில் விதை போடுவது காலதாமதம். வேறெங்காவது வளர்த்த நாற்று கிடைத்தால் இரண்டு நடலாம். நாற்று நட்டு இரண்டு மாதத்தை ஒட்டிக் காய் வரும், அது மாசி. சற்றே தப்பித்தோம் எனலாம். தரையே இல்லாதவர்களுக்குத் தொட்டியும் பையும் உண்டு. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது பைகளோடு கொடுத்தது தென்னை நார்க் கழிவைத்தான். அதன் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

உரத்துக்கு மீனவர் குடியிருப்பில் பஞ்சமில்லை. மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடை சேர்த்து மூடிவைத்துப் புளிக்க வைக்கும் மீன் அமிலத்தை நீரில் நிறையக் கலந்து தெளிக்கலாம். அப்படியே புதைத்தால் பூனைகள் ஒரே இரவில் பாத்தியை உழுதுவிடும். கருவாட்டுக் கழிவு மட்டும் வேண்டாம். மழை கழுவிய உப்பை நாமே திருப்பிக் கொண்டுவந்த கதையாகிவிடும்.

மாசி பாதியைத் தாண்டியதும் கீரையின் நாள் செலவு 8 லிட்டரிலிருந்து ஏறத் தொடங்கும். மே மாதத்தில் 12 லிட்டரையும் தாண்டும். கிணற்று நீரில் உப்பும் கூடிக்கொண்டே போகும். அதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. சேமித்த மழைநீரில் நனைத்த துணியில் இருபது பீன்ஸ் விதைகளும், கிணற்று நீரில் நனைத்த துணியில் இருபதும் வைத்து, ஐந்தாம் நாள் முளைத்தவற்றை எண்ணுங்கள். முளைவிட்டவற்றின் வேர் நீளத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். கிணற்று நீர்ப் பக்கம் தெளிவாகப் பின்தங்கினால் கீரை விதைப்பை நிறுத்திவிடலாம். வெயிலுக்கு அஞ்சாத கொத்தவரையை மட்டும் காய்க்கும் வரை விட்டுவைத்து, மற்ற இடத்தில் காய்ந்த சருகைப் பரப்பி மூடுங்கள். பந்தல் அவரை விதையைச் சாம்பலில் புரட்டிச் சீசாவில் போட்டு வைத்தால் ஆடி வரை கெடாது.